235 எம்.பி.க்களில் ஒரே பெண்: கைதிகளுக்காகப் பேசிய கனடா கிராமத்து டீச்சர்!

1921 டிசம்பரில் கனடா நாடாளுமன்றத் தேர்தல். மொத்தம் 235 இடங்கள். ஜெயித்தவர்களில் 234 பேர் ஆண்கள். மிச்சமிருந்த ஒருவர் 31 வயது கிராமத்துப் பள்ளி டீச்சர், ஆக்னஸ் மெக்ஃபெயில். கனடாவின் முதல் பெண் எம்.பி. இவர்தான். அடுத்த 14 வருடங்களுக்கு அந்த அவையில் இன்னொரு பெண் கிடையாது.

யார் இவர்?

1890-ல் ஒன்டாரியோ மாகாணத்தின் கிரே கவுன்ட்டியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். டீச்சர் வேலைக்கு நடுவே விவசாயிகள் சங்கக் கூட்டங்களில் பேச ஆரம்பித்தார். அப்போது கிராமங்களில் அரசு மீது கடும் கோபம். உள்ளூர் ஆலைகளைக் காக்க விதித்த இறக்குமதி வரியால் விவசாயக் கருவிகளின் விலை எகிறியிருந்தது. முதல் உலகப் போரின்போது விவசாயிகளின் மகன்களுக்குத் தந்த கட்டாய ராணுவச் சேவை விலக்கையும் 1918-ல் அரசு ரத்து செய்திருந்தது.

அதே 1918-ல்தான் நாடாளுமன்றத் தேர்தலில் பெரும்பாலான பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. அடுத்த தேர்தலிலேயே விவசாயிகள் மெக்ஃபெயிலை நிறுத்தினார்கள். பெண்ணை ஏன் நிறுத்தினீர்கள் என்று சொந்தத் தொகுதியிலேயே முணுமுணுப்பு கிளம்பியது. ஆனாலும் ஜெயித்தார். அதன் பிறகு 1925, 1926, 1930, 1935 என வரிசையாக நான்கு வெற்றிகள்.

ஓட்டே இல்லாதவர்களுக்காக...

நாடாளுமன்றத்தில் அவர் என்ன பேசினார் என்பதைவிட என்ன உடுத்தினார் என்பதில்தான் பத்திரிகைகளுக்கு ஆர்வம். அவரோ விவசாயிகள் பிரச்சினை, உலக அமைதி என்று பேசிக்கொண்டே இருந்தார். 1929-ல் ஜெனீவாவில் நடந்த நாடுகளின் சங்கக் கூட்டத்துக்கு கனடா குழுவில் போனபோது, பெண்கள் நலக் குழு வேண்டாம், ஆயுதக் குறைப்புக் குழுவில்தான் இருப்பேன் என்று அடம்பிடித்து இடம் வாங்கினார்.

அவருடைய பெரிய சண்டை சிறைகளுக்காக. கிங்ஸ்டன் சிறைக்கு நேரில் போய்ப் பார்த்தவர், கைதிகளுக்கு வாரடி தேவையில்லை, கல்வியும் தொழிற்பயிற்சியும்தான் தேவை என்று வாதாடினார். அன்றைய சட்டப்படி கைதிகளுக்கு ஓட்டுரிமை இல்லை. அவர்களுக்காகப் பேசினால் ஒரு ஓட்டுகூட கூடாது, கெட்ட பெயர் வேண்டுமானால் கிடைக்கும். தெரிந்தும் பேசினார். 1936-ல் அரசு ஆர்ஷம்போ ஆணையத்தை அமைத்தது. 1938-ல் வந்த அதன் அறிக்கை, சிறை என்பது தண்டனைக்கு மட்டுமல்ல, ஆளைத் திருத்தவும்தான் என்றது. 88 பரிந்துரைகளையும் அடுக்கியது.

தோல்விக்குப் பிறகு?

1940 தேர்தலில் தோற்றார். அப்போது முன்னாள் எம்.பி.க்களுக்கு பென்ஷன் கிடையாது. பத்திரிகைக்கு எழுதிச் சம்பாதிக்க வேண்டிய நிலை. 1943-ல் ஒன்டாரியோ சட்டமன்றத்துக்கு ஜெயித்த முதல் இரண்டு பெண்களில் ஒருவரானார். 1945-ல் தோல்வி, 1948-ல் மறுபடி வெற்றி. அங்கே அவர் வலியுறுத்திவந்த சம வேலைக்குச் சம சம்பளம் 1951-ல் ஒன்டாரியோவில் சட்டமானது. அதே வருடத் தேர்தலில் அவருக்குத் தோல்வி.

1954-ல் டொரன்டோவில் காலமானார். 2017-ல் கனடா தனது 150-வது ஆண்டுக்காக வெளியிட்ட 10 டாலர் நோட்டில், முதல் பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்டு உட்பட மூன்று ஆண்களோடு இந்த கிராமத்து டீச்சரின் முகமும் இருக்கிறது.