வியாழன் இரவுகளை நிறைத்த குரல் - உம்மு குல்தூம்

சஹர் நேரத்தில் தாயிரா தட்டிப் பாடிக்கொண்டு தெருவில் வந்த பக்கீர் பாவாவின் குரல் நம்மில் பலருக்கு இன்னும் மறக்கவில்லை. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் விடியும் முன்பே கேட்ட நாகூர் ஹனீபாவின் பாட்டும், தொட்டிலை ஆட்டியபடி உம்மம்மா முணுமுணுத்த தாலாட்டும் அப்படித்தான். இவற்றை நாம் தேடிப்போய் விரும்பியதில்லை. அன்றாட வாழ்வின் ஏதோ ஒரு நேரத்தோடு அவை ஒட்டிக்கொண்டன. இன்று அந்தப் பாட்டு எங்கேனும் காதில் விழுந்தால், அந்த நேரமும் அந்த மனிதர்களும் கூடவே வந்துவிடுகிறார்கள்.

ஒரு குடும்பத்துக்கு இப்படி நடப்பது இயல்பு. ஒரே பெண்ணின் குரல் பல நாடுகளின் மக்களுக்கு இவ்வாறு ஆனது அபூர்வம். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்த நம்மவர்களில் பலர் அந்தக் குரலைக் கேட்டிருப்பார்கள். இரவு நேரத் தேநீர்க் கடையிலோ வாடகைக் காரின் வானொலியிலோ, ஒரே பாட்டு முடிவில்லாமல் போய்க்கொண்டே இருந்திருக்கும். அது எகிப்தின் உம்மு குல்தூம் உடைய குரல்.

இசை பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் இருப்பதை நாம் அறிவோம். அதற்குத் தீர்ப்பு சொல்வது இக்கட்டுரையின் நோக்கம் அல்ல. ஓர் இமாமின் மகள் எப்படி ஒரு சமூகத்தின் நினைவாக மாறினார் என்பதை மட்டும் பார்ப்போம்.

இமாமின் மகள்

எகிப்தின் நைல் கழிமுகப் பகுதியில், தகஹ்லிய்யா மாகாணத்தில், தம்மாய் அஸ்ஸஹாயிரா என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். பிறந்த ஆண்டு 1898 என்றும் 1904 என்றும் இருவிதமாகச் சொல்லப்படுகிறது. தந்தை இப்ராஹீம் அந்த ஊர்ப் பள்ளிவாசலின் இமாம். அந்தச் சிறிய வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை. எனவே சுற்றுவட்டாரத் திருமணங்களிலும் விழாக்களிலும் நபிகளாரின் புகழைப் பாடி அவர் கூடுதலாகச் சம்பாதித்தார்.

அவர் தம் மகன் காலிதுக்குத்தான் அந்தப் பாடல்களைச் சொல்லிக்கொடுத்தார். பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டே மகள் கற்றுக்கொண்டார். ஊர் மக்தபில் குர்ஆன் ஓதவும் படித்தார். பிள்ளையின் குரல் வளத்தை அறிந்ததும் தந்தை அவரையும் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஆனால், ஒரு பெண் பிள்ளையைச் சபையில் பாட வைப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் ஆண் பிள்ளையின் மேலங்கியும் தலைத்துணியும் அணிவித்தே அழைத்துப் போனார். கால்நடையாகவும், கழுதை மீதும், ரயிலிலும் அந்தக் குழு ஊர் ஊராகச் சென்றது.

அந்தக் கிராமத்துப் பயிற்சிதான் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது. தஜ்வீத் முறைப்படி ஓதிப் பழகியவர் என்பதால், ஒவ்வொரு எழுத்தும் அவர் வாயில் துலக்கமாக உருவாகும். எந்தச் சொல் எங்கே நிற்க வேண்டும், எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துபடி. பாட்டின் ஒரு சொல்லும் கேட்பவருக்குத் தப்பாது. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியும் பெரும் கவிஞர்களின் செய்யுளை அவர் வழியே கேட்டு மனத்தில் ஏற்றிக்கொள்ள முடிந்தது.

தலைநகருக்கு

ஷெய்க் அபுல் அலா முஹம்மத், ஸகரிய்யா அஹ்மத் போன்ற இசை வல்லவர்கள் அவருடைய திறமையைக் கண்டு ஊக்கம் அளித்தார்கள். 1920களின் தொடக்கத்தில் குடும்பம் கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்தது. பட்டணத்து மேல்தட்டு மக்களுக்கு அவர் நாட்டுப்புறப் பெண்ணாகத் தெரிந்தார். அவருடைய உடையையும் பழக்கவழக்கங்களையும் குறை சொன்னார்கள். அவர் மனம் தளராமல் கற்றுக்கொண்டார். கவிஞர் அஹ்மத் ராமியிடம் அரபு இலக்கியம் பயின்றார். 1926-இல் குடும்பத்தாரின் குரல்குழுவை விட்டு, தேர்ந்த இசைக்கருவிக் கலைஞர்களுடன் பாடத் தொடங்கினார்.

அஹ்மத் ராமி அவருக்காக நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதினார். இசையமைப்பாளர் ரியாள் அஸ்ஸுன்பாத்தியுடன் இணைந்து, 1940களில் கவியரசர் அஹ்மத் ஷவ்கியின் நபிப் புகழ்ச் செய்யுள்களை அவர் பாடினார். அவற்றில் ஒன்று 'நஹ்ஜுல் புர்தா'. இமாம் பூஸீரியின் புர்தாவை அடியொற்றி எழுதப்பட்டது அது. இமாம் பூஸீரியும் எகிப்தியரே. நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் அதே புர்தாதான். காயலிலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் நெஞ்சில் சுமந்த ஒன்றின் வழித்தோன்றலை, கெய்ரோவில் ஓர் இமாமின் மகள் பாடிக்கொண்டிருந்தார்.

முதல் வியாழன்

1934-இல் எகிப்தின் அரசு வானொலி தொடங்கியபோது, அதில் ஒலித்த முதல் குரல்களில் அவருடையதும் ஒன்று. பின்னர், பாட்டுப் பருவ மாதங்களில் ஒவ்வொரு மாதத்தின் முதல் வியாழன் இரவும் அவருடைய கச்சேரி நேரடியாக ஒலிபரப்பானது. மறுநாள் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் மக்கள் நெடுநேரம் விழித்திருக்க முடிந்தது.

அந்த இரவுகளில் தெருக்கள் வெறிச்சோடும். வானொலி உள்ள வீட்டில் அண்டை வீட்டாரும் கூடுவார்கள். தேநீர்க் கடைகளில் உட்கார இடம் இருக்காது. மொராக்கோ முதல் இராக் வரை அந்த ஒலிபரப்பைக் கேட்டார்கள். ஓர் இரவில் இரண்டு மூன்று பாடல்கள்தான். ஆனால், ஒரே பாடல் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். சபையோர் கேட்கக் கேட்க, ஒரு வரியையே திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறு விதமாகப் பாடுவார். ஒரு பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்து போனால் அது காதோடு போய்விடலாம். ஒரு மணி நேரம் உடனிருந்தால் அது அந்த இரவாகவே ஆகிவிடுகிறது. அந்த இரவில் பக்கத்தில் இருந்த வாப்பா, மடியில் தூங்கிய பிள்ளை, அடுப்பில் கொதித்த தேநீர் எல்லாம் அந்தப் பாட்டுக்குள் வந்துவிடுகின்றன. நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் இந்த வழக்கம் நீடித்தது. தாத்தாவும் பேரனும் ஒரே வியாழன் இரவை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பெருநாள் இரவை வரவேற்று அவர் பாடிய பாடல் ஒன்று உண்டு. 1944-இல் கெய்ரோவின் அல் அஹ்லி கழகத்தில், பெருநாளை ஒட்டிய நிகழ்ச்சியில், மன்னர் ஃபாரூக் முன்னிலையில் அவர் அதைப் பாடினார். மன்னர் அவருக்கு உயரிய விருதை அளித்தார். மன்னர் ஆட்சி 1950களில் முடிந்தது. பாட்டு முடியவில்லை. இன்றும் எகிப்தில் பிறை தெரிந்த இரவில் அந்தப் பாடல் ஒலித்தால்தான் பலருக்குப் பெருநாள் வந்துவிட்டது என்ற உணர்வே வரும். ஹஜ்ஜுக் காலத்தில் ஒலிக்கும் அவருடைய பாடல்களும் அத்தகையவை.

சோதனைக் காலம்

1967 ஜூன் போரில் எகிப்து பெரும் தோல்வி கண்டது. அப்போது அவர் மீதும் ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. மணிக்கணக்கில் நீளும் காதல் பாட்டுகளால் மக்களை மயக்கத்தில் ஆழ்த்திவிட்டார் என்று சிலர் எழுதினார்கள். அன்றாட வாழ்வோடு கலந்துவிட்ட பாட்டு ஆறுதலா, அல்லது கடமையை மறக்கடிக்கும் தூக்கமா என்பது சாதாரணக் கேள்வி அல்ல. நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விதான்.

அவர் அதற்குச் சொல்லால் பதில் தேடவில்லை. எழுபதை நெருங்கிய வயதில், உடல்நலக் குறைவோடு, நாட்டுக்காக நிதி திரட்டப் புறப்பட்டார். எகிப்தின் நகரங்களிலும், 1967 நவம்பரில் பாரிஸிலும், தொடர்ந்து மொராக்கோ, துனீசியா, லிபியா, குவைத், சூடான் எனப் பல நாடுகளிலும் பாடினார். வருமானத்தை அரசிடம் ஒப்படைத்தார். பெண்கள் தங்கள் நகைகளைக் கொடுத்தார்கள். திரண்ட தொகை இருபது லட்சம் டாலருக்கும் மேல் என்று கணக்கிடப்படுகிறது. எந்தப் பாட்டு மக்களைத் தூங்க வைத்தது என்றார்களோ, அதே பாட்டு அவர்களின் கைகளைத் திறக்க வைத்தது.

இறுதிப் பயணம்

1973-இல் பாடுவதை நிறுத்தினார். 1975 பிப்ரவரி 3 அன்று கெய்ரோவில் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கெய்ரோ தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். அதிகாரபூர்வமாகச் சுமந்து சென்றவர்களின் தோள்களிலிருந்து மக்கள் ஜனாஸாவை வாங்கிக்கொண்டார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து, மணிக்கணக்கில் நடந்து, அவர் நேசித்ததாக அவர்கள் அறிந்த ஹுஸைன் பள்ளிவாசலுக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே தொழுகை நடந்த பிறகே கபுரடிக்குப் போனார்கள்.

தங்கள் வீட்டு மையித்தை யாரோ ஒருவர் சுமக்க விடுவதில்லை அல்லவா! அந்த மக்களுக்கு அவர் புகழ்பெற்ற பாடகி மட்டும் அல்லர். தங்கள் வீட்டு வியாழன் இரவுகளில் ஒருவராக இருந்தவர்.

நம் வீடுகளிலும் இத்தகைய குரல்கள் இருக்கின்றன. உம்மம்மாவின் தாலாட்டையும், வாப்பிச்சா ராகத்தோடு ஓதும் பைத்தையும் நம் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்களா? மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களை ஒரு முறை பாடச் சொல்லிக் கேட்போம். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைப்போம். அவர்களுக்கும் நினைவில் நிற்க ஓர் இரவு வேண்டும்.

வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நம் முன்னோர் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.