நாலாயிரம் அளித்த நாதமுனிகள்

வீரநாராயணபுரம் எனப்படும் காட்டுமன்னார்கோயிலில் அவதரித்த மஹான் ஸ்ரீமந் நாதமுனிகள். மன்னனார் ஸந்நிதிக்கு மேல்நாட்டிலிருந்து வந்த சில ஸ்ரீவைஷ்ணவர்கள், குடந்தை ஆராவமுதப் பெருமாள் விஷயமான திருவாய்மொழிப் பதிகத்தைச் சேவிக்கக் கேட்டு உருகினார். ஆயிரத்துள் அது ஒரு பத்து என்று பதிகமே கூறியிருந்தும், மற்றவற்றை அறிந்தவர் அங்கு ஒருவருமிலர்.

தேடிக்கொண்டு திருக்குருகூருக்கு எழுந்தருளினார். அங்கும் ஆயிரம் வழக்கொழிந்திருந்தது. மதுரகவிகள் வழிவந்த பராங்குசதாஸர் கண்ணிநுண்சிறுத்தாம்பை மட்டும் உபதேசித்தார். அதனைப் பன்னீராயிரம் உரு அநுஸந்தித்து, நம்மாழ்வாரிடமே நாலாயிரத்தையும் பெற்றார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு.

பெற்றதினும் அரியது, அதனை நிலைபெறச் செய்தது. ஓலையில் எழுதி வைத்ததோடு நின்றிருந்தால் மீண்டும் மறைந்திருக்கும். பண்ணும் தாளமும் அமைத்து, மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் ஓதுவித்தார். இருவரே!

சிஷ்யர்களுள் குருகைக்காவலப்பன் யோகத்தை விரும்பினார். உய்யக்கொண்டாரோ, உலகோர் துயருற்றிருக்கத் தமக்கு மட்டும் ஆனந்தம் தகாது என்று அதனை மறுத்து, பிரபந்தத்தைப் பரப்பும் பணியையே ஏற்றார். ஆசார்யர் திருவுள்ளம் உகந்தார். யோகரஹஸ்யம் குருகைக்காவலப்பனோடு நின்றுபோயிற்று. குறித்த நாளில் திருவனந்தபுரத்தில் இருந்தமையால், பேரரான ஆளவந்தாருக்கும் அது கிட்டவில்லை. பாசுரங்களோ உய்யக்கொண்டார், மணக்கால் நம்பி, ஆளவந்தார், எம்பெருமானார் என வழிவழியாக வளர்ந்து, திவ்யதேசங்கள்தோறும் நித்யாநுஸந்தானமாயின.

உத்ஸவப் புறப்பாட்டில் பெருமாளுக்கு முன்னே பிரபந்த கோஷ்டியும், பின்னே வேதபாராயண கோஷ்டியும் எழுந்தருள்வதை அன்பர்கள் இன்றும் ஸேவிக்கலாம்.