கொள்ளைநோய்க் காலத்தில் ஊர் திருத்த வந்த பற்றிக் கெடிஸ்

காரைதீவிலிருந்து அம்பாறை வீதியால் மேற்கே வந்தால் மாவடிப்பள்ளி, அதைத் தாண்டினால் வீரமுனை, சம்மாந்துறை. இந்த வீதியால்தான் நான் பாடசாலைக்குப் போய் வருகிறேன். மாரி காலத்தில் வயல் எது, வீதி எது என்று தெரியாமல் போகும் நாட்கள் உண்டு. 2024 நவம்பரில் மத்ரஸா மாணவர்கள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது இந்த வீதியில்தான். அந்த ஜனாஸாக்களை எங்கள் ஊர் இன்னும் மறக்கவில்லை.

அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்னர் வந்தது கொரோனா. அக்கரைப்பற்று முடக்கப்பட்டது, கல்முனையின் வீதிகள் மூடப்பட்டன. எங்கள் மையித்துகளை எரித்த கொடுமையைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. குறைவாகப் பேசப்பட்ட விடயம் ஒன்று உண்டு. தொற்றாளரை வீட்டில் தனி அறையில் வைக்கச் சொன்னார்கள். எந்த அறையில் வைப்பது? எங்கள் கரையோரத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம். இருபது பேர்ச் வளவு இரண்டாகி, பின்னர் நான்காகி, இன்று ஒரே கிணற்றைச் சுற்றி நான்கு குடும்பங்கள் சுவரோடு சுவர் முட்டி வாழ்கின்றன. தனிமைப்படுத்த அங்கே இடமில்லை.

அதன் பிறகுதான் புதிய நகரத் திட்டம், நிலைபேறான நகரம் என்ற பேச்சுகள் எங்கள் பக்கத்திலும் கூடின. அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் நூறு வருடங்களுக்கு முன்னர் இதே வேலைக்காக இந்தியாவுக்கும் நம் நாட்டுக்கும் வந்த ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் சுற்றாடல் கல்வி விரிவுரையில் அவர் பெயரை ஒரு தடவை கேட்டேன். தேடிப் படித்தது பின்னர்தான்.

பற்றிக் கெடிஸ் 1854இல் பிறந்தார். அடிப்படையில் அவர் பொறியியலாளரும் அல்ல, கட்டடக் கலைஞரும் அல்ல, உயிரியல் படித்தவர். லண்டனில் தோமஸ் ஹக்ஸ்லியிடம் பயின்றார். 1879இல் மெக்சிக்கோவுக்கு ஆய்வுக்குப் போன இடத்தில் கண்பார்வை போய்விட்டது. பல வாரங்கள் இருட்டறையில் அடைந்து கிடந்தார். பார்வை திரும்பினாலும் நுணுக்குக்காட்டியில் நீண்ட நேரம் வேலை செய்யும் வாழ்க்கை முடிந்தது. கலத்தைப் பார்க்க முடியாத கண் ஊரைப் பார்க்கத் தொடங்கியது என்று சொல்லலாம்.

1886இல் அன்னா மோர்ட்டன் என்பவரைத் திருமணம் செய்தார். புதுமணத் தம்பதி எடின்பரோவின் பழைய நகரில், வசதியானவர்கள் எப்போதோ கைவிட்டுப் போன ஜேம்ஸ் கோர்ட் என்ற சேரிக் கட்டடத்தில் குடியேறியது. ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் வேண்டுமென்றே சேரிக்குக் குடிபோவதை அக்கால எடின்பரோ எப்படிப் பார்த்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு இருவரும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசினார்கள், முற்றங்களைத் துப்புரவு செய்தார்கள், வெறுமையாகக் கிடந்த சிறு நிலத் துண்டுகளில் தோட்டம் போட்டார்கள். இடிந்து விழும் கட்டடத்தை மட்டும் அகற்றி, மீதியைத் திருத்தும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது. பின்னர் டண்டீயில் தாவரவியல் பேராசிரியரானார். கோடைத் தவணையில் மட்டும் படிப்பித்தால் போதும் என்ற ஏற்பாடு அவருக்கு வாய்த்தது. மற்ற மாதங்களை நகரங்களுக்கே செலவிட்டார்.

1914இல் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அவரை அழைத்தார். உலக நகரங்களின் வரைபடங்களும் படங்களும் கொண்ட அவருடைய கண்காட்சி கப்பலில் ஏறியது. அந்தக் கப்பலை இந்து சமுத்திரத்தில் ஜேர்மனியரின் எம்டன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. ஆம், தமிழ்நாட்டில் பொல்லாத ஆளை எம்டன் என்பார்களே, அதே எம்டன். பல ஆண்டுகளாகச் சேர்த்தது கடலுக்குள் போயிற்று. நண்பர்கள் அவசரமாக இன்னொரு தொகுதியைச் சேர்த்து அனுப்ப, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தது.

அவர் வந்து இறங்கிய இந்தியா எப்படி இருந்தது? 1896இல் பம்பாய்த் துறைமுகத்தில் தொடங்கிய பிளேக் அப்போதும் ஓயவில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் மாண்ட நோய் அது. 1897இல் கொண்டுவந்த கொள்ளைநோய்ச் சட்டத்தின் பெயரால் வீடுகளுக்குள் புகுந்து சோதனை போட்டார்கள், கூரையைப் பிரித்தார்கள், வீடுகளையே இடித்தார்கள். அதற்குப் பிறகு வந்த நகர மேம்பாட்டு அமைப்புகளின் வழியும் பெரும்பாலும் இடிப்புத்தான். நெரிசலான தெருவின் நடுவே நேர்கோடு கிழித்து, அகலமான வீதி போடுவது.

கெடிஸின் எதிர்ப்பு இங்கேதான். வீட்டை இடித்தால் அந்தக் குடும்பம் எங்கே போகும்? பக்கத்துத் தெருவில் ஏற்கனவே நிரம்பியிருக்கும் இன்னொரு வீட்டுக்கு. வளையை இழந்த எலியும் அதே பக்கத்துத் தெருவுக்கே போகும். நெரிசலும் குறையாது, நோயும் குறையாது. தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கு அவர் தந்த யோசனை வேறு. முதலில் ஒவ்வொரு சந்தையும் நடந்து பார்ப்பது. ஆளில்லாமல் இடிந்து கிடக்கும் வீடுகளைக் குறிப்பது. அவற்றை மட்டும் எடுத்து அந்த இடத்தைச் சிறு வெளியாக விட்டு ஒரு மரம் நடுவது. கிணற்றைத் திருத்துவது. காற்றும் வெளிச்சமும் வந்துவிடும், எவரும் வீடிழக்க வேண்டியதில்லை, செலவும் சொற்பம். சத்திரசிகிச்சை நிபுணர் கெட்ட சதையை மட்டும் வெட்டுவது போல.

குளங்கள் விடயத்தில் அவர் இன்னும் பிடிவாதமாக இருந்தார். மலேரியா என்று சொல்லிக் குளங்களை மூடுவது அன்றைய சுகாதார அதிகாரிகளின் நாகரிகமாக இருந்தது. குளம் வெப்பத்தைத் தணிக்கிறது, மழைநீரைத் தாங்குகிறது, நுளம்புதான் பிரச்சினை என்றால் மீனையும் வாத்தையும் விடலாமே என்பது அவருடைய வாதம். கரைவாகு வட்டையில் வாகன வாகனமாக மண் கொட்டப்படுவதையும், சாய்ந்தமருதுத் தோணா குப்பையால் அடைபட்டுக் கிடப்பதையும் பார்த்தவர்களுக்கு இந்த வாதத்தை நான் விளக்கத் தேவையில்லை.

சென்னை மாகாணத்தைத் தொடர்ந்து லக்னோ, டாக்கா, லாகூர் என்று ஏறத்தாழ ஐம்பது நகரங்கள். அதற்கிடையில்தான் 1917 வந்தது. மூத்த மகன் அலஸ்டேர் பிரான்ஸ் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். மனைவி அன்னா அப்போது இந்தியாவில் நெருப்புக்காய்ச்சலில் கிடந்தார். செய்தியைக் கெடிஸ் அவரிடம் சொல்லவில்லை. மகன் போனது தெரியாமலே அவரும் அதே வருடம் மரணித்தார். அசுத்த நீரால் வரும் நோயை எதிர்த்து வேலை செய்ய வந்தவரின் வீட்டையே அந்த நோய் தட்டியது. அவர் ஊருக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போனது இந்தூருக்கு.

இந்தூர் சமஸ்தானத்தில் பிளேக்கும் மலேரியாவும் பரவியிருந்தன. வரைபடத்தோடு தெருத் தெருவாக அலையும் வெள்ளைக்காரரைக் கண்டு மக்கள் பயந்தார்கள். வீட்டை இடிக்க வந்தவன் என்று நினைத்தார்கள். கெடிஸ் மன்னரிடம் போய், தன்னை ஒரு நாளைக்கு மகாராஜாவாக்கும்படி கேட்டார். பின்னர் ஓர் அறிவிப்பு வந்தது. தீபாவளிக்குப் பெரிய ஊர்வலம் நடக்கும். அது இந்துக்களின் வழமையான பாதையாலும் போகாது, முஸ்லிம்களின் பாதையாலும் போகாது. எந்தத் தெருவில் அதிக வீடுகள் துப்புரவாகி, திருத்தப்பட்டு நிற்கின்றனவோ அந்தத் தெருவால்தான் போகும்.

ஊரே சுத்தம் செய்யத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான வண்டிக் குப்பை வெளியேறியது. ஊர்வல நாளில் யானைகளுக்குப் பின்னால் நோயரக்கனின் உருவமும், பெரிய எலியும், நுளம்பும் வந்தன. அவற்றுக்குப் பின்னால் வந்தவர்கள் நகரத்தின் துப்புரவுத் தொழிலாளிகள். புத்தாடை உடுத்தி, மாலை போட்டு, அலங்கரித்த குப்பை வண்டிகளோடு வந்தார்கள். எவரும் தொட அஞ்சிய மனிதர்களை ஊர்வலத்தின் நடுவில் நிறுத்தியது சின்ன வேலை அல்ல. கடைசியில் வரப்போகும் நூலகத்தினதும் பொதுக் கட்டடங்களினதும் மாதிரிகள் வந்தன. மக்களுக்குச் செடிகள் கொடுக்கப்பட்டன. எலி எரிக்கப்பட்டது. அந்தப் பருவத்தோடு பிளேக் தணிந்தது. இக்கதையின் பெரும்பகுதி கெடிஸ் தானே சொல்லி வந்தது, கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். பிளேக் பருவம் பார்த்து வரும் நோய் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் 1918இல் வெளியான இந்தூர் அறிக்கை கதையல்ல. கழிவுநீரை ஆற்றில் கலக்காமல் தோட்டத்துக்குத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் விரிவாக இருக்கிறது. அதே வருடம்தான் இன்புளுவென்சா வந்து இந்தியாவில் இன்னும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். 1921இல் கொழும்பு. அங்கே பிளேக் 1914இலேயே நுழைந்திருந்தது. அடுத்த ஆண்டு வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. இன்று நாம் வீடு கட்ட அனுமதி கேட்டு மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ போகும்போது நம் முன் நீட்டப்படுவது அந்த 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம்தான். கெடிஸின் கொழும்பு அறிக்கை மரங்களும் பூங்காக்களும் நிறைந்த தோட்ட நகரமொன்றைக் கனவு கண்டது. கறுவாத்தோட்டப் பக்கம் போனால் அந்தக் கனவின் சாயலைக் காணலாம். கொழும்பின் தோட்ட வீடுகளுக்குள் போனால் காண முடியாது.

நம் வாசகர்களுக்கு மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. 1919இல் சியோனிச அமைப்பின் அழைப்பில் இவர் ஜெரூசலம் போய், ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்குத் திட்டம் வரைந்தார். 1925இல் டெல் அவிவ் நகரத் திட்டமும் இவருடையது. முதலில் ஊரைக் கணக்கெடு, பிறகு திட்டம் போடு என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர், அந்த மண்ணில் ஏற்கனவே வாழ்ந்தவர்கள் எதை இழப்பார்கள் என்பதை அதே கவனத்தோடு கணக்கெடுக்கவில்லை என்பதே என் எண்ணம். தஞ்சாவூர்ச் சந்துக்காக வாதாடியவர் என்பதால் இது இன்னும் உறுத்துகிறது.

1924இல் உடல்நலம் கெட்டு இந்தியாவை விட்டார். தென் பிரான்சின் மொன்பெலியேயில் ஒரு கல்லூரியும் தோட்டமும் அமைத்தார். முன்னர் மறுத்த சேர் பட்டத்தை 1932இல் ஏற்றார். அதே வருடம் ஏப்ரல் 17இல் காலமானார். அறிக்கைகளில் பெரும்பாலானவை நிறைவேறவில்லை. பல அலுமாரிகளிலேயே தங்கிவிட்டன.

சென்ற தவணை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவருடைய முறையைக் கொஞ்சம் பழக்கிப் பார்த்தேன். ஒரு கொப்பியும் பென்சிலுமாகப் பாடசாலையைச் சுற்றியுள்ள நான்கு ஒழுங்கைகளில் கிணறு, மரம், வடிகான், வெறும் வளவு எல்லாவற்றையும் குறித்தார்கள். வடிகான்களில் மூன்று வயலில் போய் முடிந்தன. நான்காவது ஒரு புதிய மதிலுக்குள் நுழைந்தது. மறுபக்கம் அது வெளியே வரவில்லை. மழை தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை திரும்பப் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.