பேசாதிருக்க வாக்களித்த போதகர்

காலைப் பிரார்த்தனையில் மூன்று நிமிடம் பேசுவதற்காக முதல்நாள் இரவு விடுதியில் எழுதியும் கிழித்தும் விழித்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பாட்டை வாராவாரம் பட்டவர் ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். ஆபிரிக்காவில் நோயாளருக்குத் தொண்டாற்றிய வைத்தியராகவே அல்பேர்ட் சுவைட்சரை நாம் அறிவோம். அதற்கு முன் அவர் ஒரு போதகர்.

1875 ஜனவரி 14ஆம் திகதி, அப்போது ஜேர்மனியின் ஆட்சியிலிருந்த அல்சாஸில் பிறந்தார். தந்தையார் குன்ஸ்பாக் கிராமத்துப் போதகர். மகன் மெய்யியலும் இறையியலும் கற்று, ஓர்கன் வாசிப்பிலும் பெயர் பெற்று, ஸ்ராஸ்பூர்க் நகரின் புனித நிக்கலஸ் தேவாலயத்தில் உதவிப் போதகரானார்.

தொடக்கத்தில் ஒவ்வொரு பிரசங்கத்தையும் முழுமையாக எழுதுவார். இரண்டு மூன்று தடவை திருத்தி எழுதி, மனனமும் செய்வார். ஆயினும் சபைக்கு முன் நின்றதும் பேச்சு வேறு வடிவம் எடுத்துவிடுவதுண்டு. பிற்பகல் ஆராதனையில் அவர் மிகச் சுருக்கமாகப் பேசுகிறார் என்று சபையார் சிலர் மேலிடத்தில் முறையிட்டார்கள். எடுத்த வசனத்தைப் பற்றிச் சொல்வதற்கு மேலும் ஒன்றுமில்லை என்று கண்டால் நிறுத்திவிடும் எளிய உதவிப் போதகர்தான் தாம் என்று அவர் விளக்கம் கொடுத்தார். இருபது நிமிடத்துக்குக் குறையாமல் பேசவேண்டும் என்ற மெல்லிய கண்டிப்போடு விடயம் முடிந்தது.

முப்பது வயதுவரை கல்விக்கும் கலைக்கும், அதன்பின் மனிதருக்கான நேரடித் தொண்டுக்கும் வாழ்வதென்று இருபத்தொரு வயதிலேயே அவர் தீர்மானித்திருந்தார். 1904இல் பாரிஸ் மிஷன் சங்கத்தின் சஞ்சிகையொன்றில் மத்திய ஆபிரிக்காவின் தேவையைப் பற்றி வாசித்ததும் வழி தெளிவாயிற்று. ஐசுவரியவான், லாசரு உவமையில் வரும் ஐசுவரியவான் ஐரோப்பியரே என்று அவருக்குப் பட்டது. பிறருக்குப் பல தடவை எடுத்துரைத்த வேதம் அவரையே கேள்வி கேட்டது. பேசாமல் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே வைத்தியம் படிக்கப் போனார். விரிவுரையாளர் மீண்டும் மாணவரானார்.

அவருடைய இறையியல் கருத்துகளை அந்தச் சங்கத்தார் ஐயத்தோடு நோக்கினர். வைத்தியராக மட்டும் பணிபுரிவதாகவும் பிரசங்கம் செய்வதில்லை என்றும் அவர் வாக்களித்தார். 1912இல் பிரசங்க மேடையைத் துறந்தது அவருக்குப் பெருந்துயராயிற்று. 1913இல் மனைவி ஹெலேனுடன் காபோனில் ஒகோவே ஆற்றங்கரையிலுள்ள லம்பரேனேயை அடைந்தார். ஒரு கோழிக்கூடுதான் நோயாளரைப் பார்க்கும் முதல் அறை. அங்கிருந்த மிஷனரிமாரோ சிறிது காலத்திலேயே அவரை வாக்கிலிருந்து விடுவித்துப் பிரசங்கிக்க அழைத்தார்கள்.

முதலாம் உலகப் போர் அவரையும் மனைவியையும் கைதிகளாக ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றது. 1918இல் ஊர் திரும்பி, நகர வைத்தியசாலையில் பணியாற்றியபடி பழைய தேவாலயத்திலும் பேசினார். 1915இல் ஒகோவே ஆற்றில் பயணம் செய்கையில் உதித்த எண்ணத்தை, உயிர் அனைத்தையும் போற்றவேண்டும் என்ற அந்தக் கருத்தை, 1919 பெப்ரவரியில் அங்கே பிரசங்கமாக்கினார்.

1924இல் லம்பரேனேக்குத் திரும்பிய பின், ஞாயிறு ஆராதனை வைத்தியசாலை வளவிலேயே நடந்தது. அவர் சொல்வதை இருவர் இரு மொழிகளில் பெயர்த்தார்கள். ஆகவே சிறு வாக்கியங்களாகவே சிந்திக்கவேண்டியிருந்தது. கேட்போர் சமைத்துக்கொண்டும், பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டும் இருப்பார்கள். அவர் தடுப்பதில்லை. மன்னிப்பைப் பற்றிப் பேசினால், காலையில் ஒருவன் ஏசியதையும் அயலவனின் ஆடு வாழைக்காயைத் தின்றதையும் எடுத்துக்காட்டுவார். ஸ்ராஸ்பூர்க் பேராசிரியர்களுக்கு முன் பேசியவரின் ஆயத்தம், இப்போது அந்த ஆட்டை நினைவில் வைத்திருப்பதாக மாறியிருந்தது.

அவர் குறையற்றவரல்லர். ஆபிரிக்கரைத் தம்பியராகவும் தம்மை அண்ணனாகவும் கண்ட அவரது பார்வையை அந்தக் கண்டத்தவர் கண்டித்தார்கள். அது நியாயமே. 1952ஆம் ஆண்டுக்கான நோபல் சமாதானப் பரிசு பெற்றவர், 1965 செப்டெம்பர் 4ஆம் திகதி லம்பரேனேயில் காலமாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நான் வைத்தியராகிய புதிதில், நீரிழிவு நோயுள்ள ஒரு அம்மாவுக்கு உணவுமுறையைப் பத்து நிமிடம் விளக்கினேன். நன்றாகப் பேசினேன் என்று எனக்கே திருப்தி. முடிவில் அவர், அப்படியானால் சோறு சாப்பிடலாமா பிள்ளை என்று கேட்டார். அவருடைய வீட்டு அடுப்பைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை. இப்போது முதலில் நேற்று என்ன சமைத்தீர்கள் என்று கேட்கிறேன். அதன்பின் நான் சொல்லவேண்டியது பாதியாகக் குறைந்துவிடுகிறது.

நூறு ஆண்டுகளாக எங்கள் மண்டப மேடை எத்தனையோ பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறது. இன்று ஆசிரியைகளாகவும் தாதியராகவும் தாய்மாராகவும் உலகெங்கும் பேசிக்கொண்டிருக்கும் சகோதரிகளே, எதிரில் இருப்பவரின் வாழைத்தோட்டத்தையும் ஆட்டையும் ஒரு கணம் எண்ணிப் பார்த்தபின் பேச்சைத் தொடங்குவோம்.