நூலால் நூல் செய்த அம்மையார்
(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு மாணவி ஒருவர் எழுதியது)

நாடு பிடித்த மன்னர்களின் வரலாற்றை நாம் வகுப்பறையில் படிக்கிறோம். எந்த ஆண்டில் எந்தப் போர் நடந்தது என்று கேட்டால் உறக்கத்திலும் சொல்லிவிடுவோம். ஆனால், ஊசியும் நூலும் கொண்டு உலகத்து வீடுகளுக்குள் நுழைந்தவர்களைப் பற்றி நம் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. அத்தகையோரில் ஒருவரைப் பற்றி எழுத எனக்கு நெடுநாளாக ஆசை. அவர்தாம் தெரேஸ் டி டில்மாண்ட் அம்மையார். தையற்கலை பழகும் தோழியர் சிலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கலாம். பெயர் தெரியாதவர்களும் அவர் வகுத்த வழியில்தான் இன்று குரோஷா ஊசியைப் பிடிக்கிறார்கள் என்றால் அது மிகையாகாது.

பிறப்பும் இளமையும்

டில்மாண்ட் அம்மையார் 1846ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் ஆஸ்திரிய நாட்டில், வியன்னா மாநகருக்குத் தெற்கே உள்ள வீனர் நியூஸ்டாட் என்னும் ஊரில் பிறந்தார். பேரரசி மரியா தெரேசா நிறுவிய படைத்துறைக் கல்விக்கழகத்தால் பெயர் பெற்ற ஊர் அது. தெரேஸ் சிறுமியாக இருக்கும்போதே தந்தையார் காலமானார். குடும்பம் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கேதான் அவர் பூத்தையலை முறையாகக் கற்றார்.

அந்நாளில் நல்ல குடும்பத்துப் பெண்கள் தைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஆனால் அது பொழுதுபோக்காகவே கருதப்பட்டது. உழைக்கும் குடும்பத்துப் பெண்களுக்கோ அது கூலிவேலை. அதை ஒரு கல்வியாக, ஒழுங்குபடுத்திக் கற்பிக்கத்தக்க ஒரு துறையாகப் பார்த்தவர்கள் சிலரே. அந்தச் சிலரில் முன்வரிசையில் நிற்பவர் டில்மாண்ட்.

நூல் ஆலையின் ஊரில்

1884ஆம் ஆண்டு அவர் தம் நாட்டை விட்டு, அல்சேஸ் பகுதியின் முல்ஹவுஸ் நகரை அடுத்த டோர்னாக் என்னும் ஊருக்கு வந்து சேர்ந்தார். 1870-71இல் நடந்த போருக்குப் பின் அப்பகுதி பிரான்சின் கையிலிருந்து செர்மனியின் கைக்கு மாறியிருந்தது. ஆட்சி மாறினாலும் ஆலைகளின் ஓட்டம் நிற்கவில்லை. அங்குதான் டோல்ஃபஸ்-மீக் நிறுவனத்தின் நூல் ஆலை இருந்தது. நம் கடைகளில் டி.எம்.சி. என்று கேட்டு வாங்கும் நூல் அந்த நிறுவனத்தினுடையதே.

இங்கே நம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. 1746இல் முல்ஹவுஸ் நகரில் அந்தத் தொழில் தொடங்கியபோது அவர்கள் நூல் விற்கவில்லை. பருத்தித் துணியில் பூ அச்சடித்தார்கள். அத்துணிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘இந்தியென்’. நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய வண்ணத் துணிகள் ஐரோப்பியரை மயக்கிய காலம் அது. அவற்றைப் பார்த்துத் தாமே செய்ய முனைந்ததில் பிறந்ததே அந்நகரின் துணித் தொழில். நம்மவர் கைவண்ணம் அங்கே ஆலையாக வளர்ந்தது. அந்த ஆலையின் நூல் பின்னொரு நாள் நம் வீட்டுப் பெண்களின் கைக்கு வந்து சேர்ந்தது. வரலாறு படிக்கும் எனக்கு இந்தச் சுற்று வியப்பைத் தருகிறது.

டோர்னாக்கில் அம்மையார் ஒரு பூத்தையல் பள்ளியை நிறுவினார். ஆலையாரும் அவரும் ஒருவருக்கொருவர் துணையாயினர். நல்ல நூல் செய்தால் மட்டும் போதாது, அதைக் கொண்டு என்ன செய்வது என்பதையும் கற்பிக்க வேண்டும் என்பதை ஆலையார் உணர்ந்திருந்தனர். நாளடைவில் ஐரோப்பியத் தலைநகரங்களில் அம்மையாரின் பெயரால் கடைகளும் தோன்றின.

1886ஆம் ஆண்டு

அவர் வாழ்வின் பெரும் சாதனை இவ்வாண்டில் வெளிவந்தது. பெண்களின் கைவேலைகள் அனைத்தையும் ஒருங்கே தொகுத்த கலைக்களஞ்சியம் அது. அளவில் சிறியது, கனத்தில் பெரியது. சாதாரணத் தையலில் தொடங்கி, கிழிந்ததைச் சீர்செய்தல், பூத்தையல், பின்னல், குரோஷா, டாட்டிங், மேக்ரமி, வலைப்பின்னல், லேசு என்று அதன் இயல்கள் விரிகின்றன. பின்னர் அது 17 மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

இந்த நூலின் சிறப்பு இரண்டு. முதலாவது, ஏற்கெனவே பிறர் விளக்கியிருந்த மாதிரிகளைக்கூட அம்மையார் அப்படியே எடுத்து எழுதவில்லை. ஒவ்வொன்றையும் மறுபடி செய்து பார்த்து, எந்த இடத்தில் கை தடுமாறும் என்று அறிந்த பிறகே விளக்கம் எழுதினார். இரண்டாவது, எதையும் படிப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் விட்டுவிடவில்லை. முதல் இயலின் தொடக்கத்திலேயே எப்படி உட்கார வேண்டும் என்று சொல்கிறார். குனிந்து தைக்கக் கூடாது. துணியை முழங்காலோடு சேர்த்துக் குத்திக்கொண்டால் முதுகு வளையும். நூலைப் பல்லாலோ கையாலோ அறுக்காமல் கத்தரியால் வெட்ட வேண்டும். இப்படி ஓர் ஆசிரியை மாணவியின் பக்கத்தில் நின்று சொல்வதுபோல் நூல் நடக்கிறது. ஆசிரியர் இல்லாத ஊரில் இருக்கும் பெண்ணும் தானே கற்க வேண்டும் என்பது அவர் நோக்கம்.

எளியதிலிருந்து அரியதற்கு

குரோஷா இயலும் அவ்வாறே. ஊசியையும் நூலையும் பிடிக்கும் முறையைக் கைகளின் படத்தோடு காட்டுகிறார். பிறகு சங்கிலி, அதன்மேல் எளிய பின்னல், அதன்பின் உயரமான பின்னல், அப்புறமே சதுரங்களும் ஓரங்களும் லேசு வகைகளும் வருகின்றன. முதற்படியில் கால் ஊன்றாமல் மூன்றாம் படிக்குத் தாவ அவர் இடம் கொடுப்பதில்லை.

இந்த முறையின் அருமையை நான் எங்கள் விடுதியில் கண்டேன். சென்ற ஆண்டு முதலாமாண்டுத் தோழியர் சிலர் மாலையில் என்னிடம் குரோஷா கற்க வந்தனர். வந்தவர்களில் சிலர் முதல் நாளே கட்டில் விரிப்பு பின்ன வேண்டும் என்றனர். ஒருத்தி மெல்லிய கறுப்பு நூலில் சால்வை தொடங்கினாள். இரண்டு வாரத்தில் நூலுருண்டைகள் பெட்டிக்கு அடியில் போய்விட்டன. கைப்பழக்கம் இல்லை என்று அவர்கள் தம்மையே நொந்துகொண்டனர். குறை கையில் இல்லை; தொடங்கிய பொருளில் இருந்தது. ஆகவே அம்மையாரின் படிமுறையை ஒட்டி, புதியவர்களுக்கென்று நான்கு பொருள்களைத் தேர்ந்து கொடுத்தேன்.

முதலாவது, புத்தக அடையாள நாடா. 11 சங்கிலி போட்டு, ஊசிக்கு அடுத்த ஒன்றை விட்டுப் பின்னினால் 10 பின்னல் வரும். திரும்பும்போது ஒரு சங்கிலி. அவ்வளவே கணக்கு. ஒவ்வொரு வரிசையிலும் 10 எண்ணிக்கை மாறாமல் இருந்தால் ஓரம் நேராக வரும். ஒரு சாண் நீளம் வளர்ந்ததும் முடித்துவிடலாம். ஒரே மாலையில் கையில் ஒரு பொருள் கிடைக்கிறது.

இரண்டாவது, சமையலறைக்கான சதுரத் துணி. அதே பின்னல்தான், அகலம் கூடுகிறது. இழுப்பு ஒரே அளவாக இருக்கப் பழக இதைவிட நல்லது இல்லை. சிறிது கோணினாலும் சூடான பாத்திரம் இறக்கப் பயன்படும்.

மூன்றாவது, டம்ளர் வைக்கும் வட்டத் தட்டு. நடுவில் 6 பின்னல், அடுத்த சுற்றில் 12, பிறகு 18, பிறகு 24 என்று சுற்றுக்கு ஆறாகக் கூட்ட வேண்டும். கூட்ட மறந்தால் வட்டம் கிண்ணமாகக் குவியும்; மிகையாகக் கூட்டினால் அலை அலையாகச் சுருளும். கணிதத் துறைத் தோழி ஒருத்திக்கு இது மிகவும் பிடித்துவிட்டது.

நான்காவது, கைக்குட்டைக்குப் பூ ஓரம். துணி ஆயத்தமாக இருப்பதால் வேலை குறைவு; பார்வைக்கோ மிக அழகு. பரிசாகக் கொடுத்தால் பெறுபவர் மகிழ்வார்.

இவை எல்லாவற்றுக்கும் சற்றுத் தடித்த பருத்தி நூலும், அதற்கேற்ற ஊசியும், வெளிர் நிறமும் வேண்டும். கறுப்பு நூலில் பின்னலின் கண் தெரியாது; கண் தெரியாவிட்டால் எண்ண முடியாது; எண்ண முடியாவிட்டால் பிழையைத் திருத்த முடியாது. பெட்டிக்கு அடியில் போன உருண்டைகளில் பல இப்போது வெளியே வந்துவிட்டன. சால்வை தொடங்கிய தோழி இப்போது கைக்குட்டை ஓரம் பின்னுவதில் என்னை மிஞ்சிவிட்டாள்.

விரைந்து அணைந்த விளக்கு

1889இல் அம்மையார் வியன்னா வணிகர் ஒருவரை மணந்தார். மணவாழ்வு நீடிக்கவில்லை. மறு ஆண்டு, 1890 மே 22ஆம் நாள், செர்மனியின் பாடன்-பாடன் நகரில் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 43. கலைக்களஞ்சியம் வெளிவந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே பெயர் கொண்ட அவருடைய சகோதரரின் வழிப்பெண் அப்பணியைத் தொடர்ந்தார். அம்மையாரின் பெயர் தாங்கிய சிறு நூல்கள் பல, அவர் மறைந்த பின்னரும் வந்துகொண்டே இருந்தன. கலைக்களஞ்சியத்தின் ஆங்கிலப் பெயர்ப்பை இன்று இணையத்தில் எவரும் விலையின்றிப் படிக்கலாம்.

அந்த நான்கு ஆண்டுகளை நினைக்கும்போதெல்லாம் என் பாட்டியின் நினைவு வருகிறது. பாட்டி பள்ளி சென்றவர் அல்லர். தலையணை உறைக்கு மயில்கழுத்துப் போல் ஓர் ஓரம் பின்னுவார். ஊரில் கல்யாணப் பெண்களுக்கெல்லாம் அவர் கைவேலைதான் சீர்வரிசையில் போகும். அதை எவரும் எழுதி வைக்கவில்லை. அவர் போன பின் எஞ்சியிருக்கும் ஓர் உறையை நானும் என் தாயாரும் பலமுறை எண்ணிப் பார்த்தோம். ஒரு திருப்பத்தில் நூல் எப்படிச் சென்றது என்று இன்றுவரை விளங்கவில்லை. பிரித்துப் பார்த்தால் விளங்கக்கூடும். ஆனால் இருப்பது அது ஒன்றுதான். பிரிக்க மனம் வரவில்லை.

டில்மாண்டும் பிறகு எழுதலாம் என்று ஒத்திப்போட்டிருந்தால் அவர் அறிந்தவையும் அவரோடு மறைந்திருக்கும். திறமையுள்ளவர்கள் எந்நாளும் இருந்தார்கள். தாம் அறிந்ததைப் பிறர் கைக்குப் போய்ச் சேரும்படி படிப்படியாக எழுதி வைத்தவர்களே அரியவர்கள்.

தோழர்களே, தோழியரே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். எழுதத் தெரிந்த முதல் தலைமுறை நாம். நம் வீட்டில் பாய் முடைபவரும், கூடை பின்னுபவரும், தறியில் அமர்பவரும், பூத்தொடுப்பவரும் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் அவர்கள் பக்கத்தில் அமர்ந்து, ஒரு குறிப்பேட்டில் முதற்படி எது, இரண்டாம் படி எது என்று கேட்டு எழுதுங்கள். நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். எந்த இடத்தில் கை தடுமாறுகிறதோ அந்த இடத்தைச் சற்று விரித்து எழுதுங்கள். டில்மாண்ட் அம்மையார் செய்தது அதுவே. நம்மாலும் ஆகக்கூடியது அது.