அலன் டியூரிங்: ஆய்வுக்குக் கிடைத்த அவகாசம்

கணினி அறிவியல், இயந்திரக் கற்றல், றோபோவியல் ஆகிய துறைகளில் கலாநிதிப் பட்டத்துக்குப் பின் ஆய்வு இடம் தேடும் இளைஞர்கள் அனைவரும் அலன் டியூரிங்கின் பெயரை அறிவார்கள். அவருக்கு அத்தகைய இடங்கள் எப்படிக் கிடைத்தன, எப்படி மறுக்கப்பட்டன என்பது குறைவாகவே பேசப்படுகிறது.

டியூரிங் 1912 யூன் 23இல் லண்டனில் பிறந்தார். தந்தை சென்னை மாகாணத்தில் அரச அதிகாரி. தாய் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். பெற்றோர் இந்தியாவில் இருக்க, டியூரிங்கும் அண்ணனும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் வளர்ந்தனர்.

1935இல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி அவரை ஆய்வுறுப்பினராகத் தெரிவு செய்தது. அப்போது அவருக்கு வயது 22. கலாநிதிப் பட்டம் இல்லை. அவரது ஆய்வேட்டின் முக்கிய முடிவை வேறொருவர் 1922இலேயே நிறுவியிருந்தார். ஆயினும் அதைத் தனித்து நின்று கண்டடைந்த திறனைக் கல்லூரி மதித்தது. ஆண்டுக்கு 300 பவுண் கொடுப்பனவுடன் சிந்திக்க அவகாசமும் கிடைத்தது.

அந்த அவகாசத்தில், நாடாவில் குறியீடுகளை வாசித்து எழுதும் ஓர் இயந்திரத்தை அவர் கற்பனை செய்தார். தகுந்த கட்டளைகளைக் கொடுத்தால் ஒரே இயந்திரம் எல்லாக் கணிப்புகளையும் செய்யும் என்று 1936இல் காட்டினார். இன்றைய கணினியின் அடிப்படை அதுதான். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட கணிதக் கேள்விக்கு அமெரிக்காவின் அலொன்சோ சேர்ச் வேறு வழியில் முன்னரே விடை கண்டிருந்தார். கேம்பிரிட்ஜ் ஆசிரியர் மக்ஸ் நியூமன், டியூரிங்கை ஏற்றுக்கொள்ளுமாறு அதே சேர்ச்சுக்குக் கடிதம் எழுதினார்.

பிரின்ஸ்டன் சென்ற டியூரிங்குக்கு புரொக்டர் புலமைப்பரிசில் முதல் முறை கிடைக்கவில்லை. கல்லூரிப் பணத்திலேயே அந்த ஆண்டைச் சமாளித்தார். மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தார். கணிதமேதை ஃபொன் நொய்மன் பரிந்துரைத்தார். 2,000 டொலர் கிடைத்தது. 1938இல் கலாநிதிப் பட்டம் பெற்றதும், ஆண்டுக்கு 1,500 டொலருடன் தனக்கு உதவியாளராக இருக்கும்படி ஃபொன் நொய்மன் அழைத்தார். டியூரிங் மறுத்து நாடு திரும்பினார். 1939 செப்ரெம்பர் 4இல், போர் அறிவிக்கப்பட்ட மறுநாள், பிளெச்லி பார்க்கில் பணியேற்று ஜேர்மன் கடற்படையின் இரகசியக் குறியீடுகளை உடைக்கத் தொடங்கினார்.

போருக்குப் பின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் கணினி ஒன்றை வடிவமைத்தார். 1947இல் அங்கிருந்து அரைச் சம்பள விடுப்பில் மீண்டும் கிங்ஸ் கல்லூரிக்குப் போனார். அந்த ஓராண்டில் எழுதிய அறிக்கையில், ஒழுங்கற்ற வலையமைப்பு ஒன்றைக் குழந்தையைப் போலப் பயிற்றலாம் என்றார். கமராவும் சக்கரங்களும் பூட்டிய இயந்திரம் நாட்டுப்புறத்தில் அலைந்து கற்பதைப் பற்றியும் யோசித்தார். நிறுவனத் தலைவர் அதைப் பொருட்படுத்தவில்லை. டியூரிங் உயிருடன் இருந்தவரை அறிக்கை அச்சேறவில்லை.

1952இல், ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய சட்டத்தின் கீழ் பிரித்தானிய அரசு அவரைத் தண்டித்தது. 1954 யூன் 7இல், 41 வயதில், சயனைட் நஞ்சால் இறந்தார். போரில் காத்த நாடு அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2013இல்தான்.

இரண்டு முறை பிறர் முந்தினர். ஒருமுறை விண்ணப்பம் தள்ளப்பட்டது. ஆனாலும் அவரிடம் திறமையைக் கண்டு கடிதம் எழுத ஆசிரியர்கள் இருந்தனர், காத்திருக்க ஒரு கல்லூரி இருந்தது. ஆய்வு இடம் தேடும் நம் பிள்ளைகள் சம்பளத்துக்கு முன் விசாரிக்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.