போல் புரோக்கா: பேச்சின் இருப்பிடங் கண்ட பேரறிஞர்

மனிதனுடைய கைகள் இரண்டும் தோற்றத்தில் ஒத்தனவாயினும் தொழிலில் ஒத்தனவல்ல. நூற்றுவருள் ஏறத்தாழத் தொண்ணூற்றுவர் எழுதுதற்கும் எறிதற்கும் வலக்கையையே நாடுவர். ஏனையோருட் பெரும்பாலார் இடக்கையர். உடலினுள்ளும் இருதயம் இடப்புறஞ் சாய்ந்தும் ஈரல் வலப்புறத்தமைந்தும் உள்ளன. ஆயினும், மூளையின் இருபாதிகளும் ஒரே தொழிலைச் செய்வன என்றே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வைத்தியர் பெரும்பாலும் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கையை மாற்றியமைத்தவர் போல் புரோக்கா என்னும் பிரெஞ்சு அறிஞராவர்.

இவர் 1824ஆம் ஆண்டு யூன் மாதம் 28ஆந் திகதி, போர்தோ நகருக்கு அணித்தான சிற்றூரொன்றில் வைத்தியர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். இளமையிலேயே பாரிசு சென்று மருத்துவங் கற்று, சத்திரவைத்தியராயும் பேராசிரியராயும் உயர்ந்தார். 1859இல் மானிடவியற் கழகமொன்றை நிறுவினார். அரசினர் அதனை ஐயுற்றுக் கூட்டங்களைக் கண்காணிக்கப் பொலிசாரை அனுப்பினர். எனினும் கழகம் தளரவில்லை.

1861 ஏப்பிரலில் பிசேத்துர் வைத்தியசாலையில் இலெபோர்ஞ் என்னும் நோயாளி இவரிடங் கொண்டுவரப்பட்டார். அவர் வாயினின்றும் வந்த சொல் ‘தான்’ என்னும் ஓரசை மாத்திரமே. அதுவே அவருக்குப் பெயருமாயிற்று. வலக்கையும் வலக்காலும் பாரிசவாதத்தாற் செயலற்றிருந்தன. ஆயினும் பிறர் கூறுவதை அவர் பெரும்பாலும் விளங்கிக்கொண்டார். அங்கு எத்தனை ஆண்டு கழித்தார் என வினவியபோது, இடக்கையின் ஐவிரலையும் நான்குமுறை விரித்து, பின் ஒரு விரலைக் காட்டினார். இருபத்தொரு ஆண்டு என்பதே சரியான விடை. அறிவு நிற்கப் பேச்சு மாத்திரம் அழிந்தமை புரோக்காவைச் சிந்திக்கச் செய்தது.

அம்மாதம் 17ஆந் திகதி அந்நோயாளி இறந்தார். மூளையைச் சோதித்தபோது, இடப்பாதியின் முன்மடலில் மூன்றாம் மடிப்பை அண்டிய பகுதி சிதைந்திருந்தது. சில மாதங்களின்பின் ஐந்தே சொற்கள் பேசவல்ல 84 வயதுடைய இலெலோங் என்பாரின் மூளையிலும் அதே இடம் கெட்டிருக்கக் கண்டார்.

எனினும் புரோக்கா அவசரப்பட்டு முடிவு கூறினாரல்லர். 1863இல் எட்டு நோயாளரைப் பற்றி அறிவித்தபோது, எண்மருக்கும் கேடு இடப்பாதியிலேயே இருந்ததைக் கண்டு தாமே வியந்தார். 1865இலேயே பேச்சுக்கு மூளையின் இடப்பாதி சிறப்புரிமையுடையது எனத் துணிந்துரைத்தார். மார்க்கு தாக்சு என்னும் வைத்தியர் இவ்வுண்மையை 1836இலேயே எழுதிவைத்தாரென அவர் மகனார் வாதிட்டார். அவ்வேடும் 1865இல் அச்சேறியது.

மூளையின் இடப்பாதி வலக்கையை ஆள்வதாதலின், இடக்கையர்க்குப் பேச்சு வலப்பாதியில் இருக்க வேண்டுமெனப் பின்வந்தோர் விதி வகுத்தனர். கையும் பேச்சும் ஒருங்கே பிணைந்திருத்தல் வேண்டா என்று புரோக்கா முன்னரே எச்சரித்திருந்தார். அவர் கூற்றே வென்றது: இடக்கையருள்ளும் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபதின்மர்க்குப் பேச்சு இடப்பாதியிலேயே உள்ளதென இன்று அறிகின்றோம். தான் என்பாரின் மூளை பாரிசில் பேணப்பட்டது. 2007இல் வெளிவந்த நுண்படங்கள் கேடு மேற்பரப்பைக் கடந்து ஆழச் சென்றிருந்தமையைக் காட்டின.

இப்பெருமகனாரிடத்துங் குறை உண்டு. மண்டையோட்டையும் மூளையின் நிறையையும் அளந்து, பெண்களையும் பிற இனத்தாரையும் தாழ்த்தி மதிப்பிட்டார். அம்முடிவுகள் பிழையெனப் பின்னர் நிறுவப்பட்டன. பேச்சைப் பற்றிச் சான்றுக்குப் பணிந்தவர், ஈண்டுத் தம் காலத்தின் முற்கோளுக்குப் பணிந்தார்.

1880இல் ஆயுட்கால மூதவை உறுப்பினராகிய புரோக்கா, அவ்வாண்டு யூலையில் 56ஆம் வயதில் இறந்தார். மாணவர் இவர் வாழ்விலிருந்து இரண்டையுங் கற்றல் நன்று: எட்டுச் சான்று கண்டபின்னும் பொறுத்திருந்த அடக்கம் ஒன்று, விருப்பமான முடிவைச் சான்றுக்கு முன்வைப்பதன் கேடு மற்றையது. இடக்கையாற் பேனா பிடிக்கும் பிள்ளையைக் கண்டித்துக் கைமாற்றும் வழக்கம் பல நாடுகளிலும் நெடுங்காலம் நிலவியது. அப்பிள்ளையின் கை குறையன்று, இயற்கையின் ஒரு வகையே என்று ஆசிரியரும் பெற்றோரும் உணர்வாராக.